கடல் பக்கத்தில் இருந்தும் கடல் பாராத ஆக்களுக்கு

திருகோணமலையில் இருபது வருசத்துக்கு மேல் உளவளத்துணை வேலை செய்தவள் நான். கரைச்சலுக்கு நடுவில் சந்தோசமாய் இருக்கிறது எப்படி என்று கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி (உப்புவெளி): அக்கா, சாமான் விலை, பிள்ளைகளின் ரியூசன் காசு, கட்டாரில் இவருடைய வேலை நிக்குமோ தெரியாது. எல்லாம் ஒரு வழிக்கு வந்த பிறகுதானே சிரிக்கலாம்?

பதில்: தங்கச்சி, இந்த 'வந்த பிறகு' என்ற கதையை 2005இல் சுனாமி முகாமில் கேட்டன். 2022இல் பெற்றோல் வரிசையிலும் கேட்டன். அந்தப் 'பிறகு' ஒருத்தருக்கும் முழுசாய் வந்ததை நான் காணேல்லை. முகாமில் ஒரு அம்மா பின்னேரம் நாலு மணிக்குத் தலை இழுத்து, பால்பேணியில் நட்ட செவ்வந்தியில் ஒரு பூப் பறித்து வைத்துக்கொண்டு கொட்டில் வாசலில் இருப்பா. 'இந்த நேரத்தில் இவவுக்குப் பூ ஒரு கேடு' என்று சனம் பேசினது. உண்மையைச் சொன்னால், எனக்கும் அது விசராய்த்தான் பட்டது. அவ கவலையை விடேல்லை, நாலு மணியை மட்டும் அதுக்குக் குடுக்கேல்லை. நீங்கள் மற்றப் பக்கத்தால் தொடங்குங்கோ. கவலைக்கென்று ஒரு நேரம் வையுங்கோ: பின்னேரம் இருபது நிமிசம், ஒரு கொப்பி. வேற நேரம் வந்தால் 'பின்னேரம் வா' என்று சொல்லிவிடலாம். முதல் கிழமை கேளாது. பிறகு கொஞ்சம் கேட்கும்.

கேள்வி (கிண்ணியா): விடியத் தொடங்கினால் இரவுவரை ஓட்டம். நெஞ்சு படபடக்குது. தியானம் செய்ய எங்கே நேரம்?

பதில்: தம்பி, கிண்ணியாப் பாலம் 396 மீற்றர். மோட்டார்சைக்கிளில் ஒரு நிமிசமும் இல்லை. கண் ரோட்டில் இருக்கட்டும். நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கோ. வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு மெதுவாகும், அது உடம்பின் அமைப்பு. 2009க்கு முன்னம், பாலம் இல்லாத காலத்தில், பாதைக்கு (ஆக்களை அக்கரைக்கு ஏத்திப்போற மிதவைக்கு) காவல் நின்ற ஆக்களுக்கு மூச்சு விட நேரம் தாராளமாய் இருந்தது. பாலம் வந்து அதையும் பறித்துப்போட்டுது!

கேள்வி (பெயர் வேண்டாம்): இரண்டு மாதமாய் ஒன்றிலும் விருப்பமில்லை. நித்திரையும் இல்லை.

பதில்: உங்களுக்குக் கடற்கரை, மூச்சு என்று சொல்லமாட்டன். இரண்டு கிழமைக்கு மேல் இப்படி இருந்தால் மனச்சோர்வு நோயாய் இருக்கலாம், மருந்தும் சிகிச்சையும் இருக்கு. அரச வைத்தியசாலையில் காட்டுங்கோ. அதுக்கு முன்னம் ஆரோடையும் கதைக்க வேணுமென்றால் 1926க்கு எடுங்கோ, தேசிய உளநல உதவி இலக்கம். இன்றைக்கே.

கேள்வி (நகரம்): டச்சுபே கடற்கரைக்குப் போனால் சனமும் குப்பையும். கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறுகள் எல்லாம் வெளியூர்க்காரருக்குத்தான். எங்களுக்கு என்ன புதினம்?

பதில்: குப்பை விசயத்தில் நானும் உங்கள் பக்கம். கோட்டைப் பக்கத்து மான்கள் சொப்பிங் பையைச் சப்புறதைப் பார்த்தால் வயிறு எரியும். ஆனால் புதினம் போனதுக்குக் காரணம் பழக்கம். எதையும் தினம் பார்த்தால் மூளை அதைக் கணக்கில் எடுக்காது. கன்னியாவில் ஏழு கிணறும் ஒரே சூடில்லை. அடுத்தமுறை கண்ணை மூடி ஒவ்வொன்றிலும் ஒரு வாளி ஊற்றி, எது கூடச் சுடுகுது என்று நீங்களே வரிசைப்படுத்திப் பாருங்கோ. இரவில் அன்றைக்கு நல்லாய் நடந்த மூன்றை எழுதுங்கோ. 2005இல் உளவியலாளர் செலிக்மனின் குழு சோதித்த பயிற்சி இது, ஒரு கிழமை செய்தவர்களுக்கு மாதக்கணக்கில் பலன் இருந்தது. 'கடவுள் கிருபை, குடும்பம்' என்று மொத்தமாய் எழுதினால் சரிவராது. கச்சான் சுருளின் அடியில் கிடந்த உப்புக்கல்லை எழுதுங்கோ.

கேள்வி: நீங்கள் நேற்று என்ன எழுதினீங்கள்?

பதில்: கோட்டை வாசலில் ஒரு மான் என் பையில் இருந்த கீரைக்கட்டைக் கடித்து இழுத்தது. நானும் விடேல்லை, அதுவும் விடேல்லை. பாதிக் கீரைதான் வீட்டுக்கு வந்தது.