ஓஷினென் ஏரி: எந்த வழி நடப்பது?

கேள்வி: ஜூலையில் சுவிட்சர்லாந்து போகிறோம். ஓஷினென் ஏரிக்கு ஒரு நாள்தான் இருக்கிறது. ஏரிக்கரையோடு திரும்புவதா, மலைப்பாதையிலும் நடப்பதா? மார்மட் (வளையில் வாழும் பெரிய மலை அணில்) கண்ணில் படுமா?

பதில்: காண்டர்ஷ்டெக் ஊரிலிருந்து கேபிள் காரில் ஏறினால், மேல் நிலையத்திலிருந்து ஏரி அரைமணி நடைதான். முழங்கால் வலி இருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஏரிக்கு மேலே மலைச்சரிவில் உள்ள ஹொய்பெர்க், ஓபர்பெர்க்லி என்ற இடங்கள் வழியாகச் சுற்றி வாருங்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஹொய்பெர்க் பக்கமிருந்தே தொடங்குங்கள், ப்ளூம்லிஸால்ப் பனிச்சிகரங்கள் எதிரே தெரியும். ஓபர்பெர்க்லியிலிருந்து 1,578 மீட்டர் உயரத்தில் உள்ள ஏரிக்கு 400 மீட்டர் செங்குத்து இறக்கம். ஏற்றத்தைவிட இதுதான் காலைப் பதம் பார்க்கும். செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ அவசியம். மதியத்துக்கு மேல் இடிமழை வரலாம், காலையிலேயே கிளம்பிவிடுங்கள். பாறைச் சரிவு அபாயத்தால் தென்கரைப் பக்கப் பாதைகளை மூடியிருக்கிறார்கள். தடுப்பைத் தாண்டிப் படம் எடுக்கப் போகாதீர்கள்.

மார்மட்டைத் தேடுவதைவிடக் காதைத் தீட்டிக்கொள்வது மேல். கூரிய சீழ்க்கை கேட்டால் அப்படியே நின்று, புல்வெளியில் பாறைகளையும் வளை வாசல்களையும் கவனியுங்கள். பிஸ்கட் போடாதீர்கள், அதற்கு ஒத்துக்கொள்ளாது. அக்டோபருக்குமேல் போனால் பார்க்கவே முடியாது. வளைக்குள் உறங்கப் போய்விடும்.