மனநல விடுப்பில் இருக்கும்போது நேர்காணல்: கேள்வி பதில்

சென்னையில் மென்பொருள் நிறுவனங்களிலும் தொழிற்சாலைகளிலும் மனிதவளப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், மனநலக் காரணத்துக்காக விடுப்பில் இருந்துகொண்டே வேறு வேலை தேடுவோர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். மருந்து, சிகிச்சை பற்றிய முடிவுகளை உங்கள் மருத்துவர்தான் எடுக்க வேண்டும்; நேர்காணல் அறையில் நடப்பதைப் பற்றி மட்டுமே என்னால் சொல்ல இயலும்.

சோழிங்கநல்லூரில் மென்பொருள் டெஸ்டிங் (குறை கண்டறியும்) பணியில் உள்ளவர்: மனச்சோர்வுக்காக நீண்ட விடுப்பில் இருக்கிறேன். வேறொரு நிறுவனம் நேர்காணலுக்கு அழைத்திருக்கிறது. "இப்போது வேலையில் இருக்கிறீர்களா?" என்று கேட்டால் என்ன சொல்வது?

விடுப்பில் இருப்பவர் வேலையை விட்டவர் அல்லர். உங்கள் பெயர் நிறுவனத்தின் பட்டியலில் இருக்கும்வரை, "ஆம், அங்கேதான் பணியில் இருக்கிறேன்" என்பது உண்மையான பதிலே. அடுத்து வரும் "இப்போது என்ன புராஜெக்ட் செய்கிறீர்கள்?" என்ற கேள்விதான் பலரைத் தடுமாற வைக்கிறது. பதறிப்போய், நேற்றுவரை அலுவலகத்தில் இருந்ததுபோல் கதை கட்டத் தொடங்குவார்கள். இரண்டாவது சுற்றில் அதே கதையை வேறு விதமாகச் சொல்லி மாட்டிக்கொள்வார்கள். "கடைசியாகச் செய்த புராஜெக்ட் இது, இப்போது மருத்துவ விடுப்பில் இருக்கிறேன், இன்ன மாதம் பணிக்குத் திரும்ப இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, மூச்சு விடாமல் அந்தப் புராஜெக்டில் நீங்கள் கண்டுபிடித்த குறைகளைப் பற்றிப் பேசத் தொடங்குங்கள். எதிரில் இருப்பவருக்கும் அதுதான் வேண்டும்.

விடுப்பை மறைக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு நீதிநெறி மட்டும் காரணமன்று. வேலை உறுதியாகும் கட்டத்தில் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளைக் கேட்பது இங்கே பெரும்பாலான நிறுவனங்களின் வழக்கம். உங்கள் விடுப்பு சம்பளமில்லா விடுப்பாக மாறியிருந்தால், அந்த நாட்கள் சீட்டில் தனி வரியாக இருக்கும். பிடித்தம் போக வங்கிக்கு வந்த தொகையும் குறைந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு மனிதவளப் பிரிவு உங்களை அழைத்துக் கேட்பதும், நீங்களே முன்பு ஒரு வாக்கியத்தில் சொல்லியிருப்பதும் ஒன்றல்ல. பழைய நிறுவனத்திடம் விசாரிக்கும் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் பொதுவாகச் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, நடத்தை ஆகியவற்றைத்தான் கேட்பார்கள். நோயின் பெயரைக் கேட்பதை நான் கண்டதில்லை.

இன்னொன்று: விடுப்புக் காலத்தில் நேர்காணலுக்குச் செல்வது வேறு, பணியில் சேர்வது வேறு. பழைய இடத்திலிருந்து முறையாக விடுபடாமல் புதிய இடத்தில் சேர்ந்தால், எத்தனை நிறுவனம் மாறினாலும் மாறாத, வருங்கால வைப்பு நிதிக்கான யூ.ஏ.என். எண்ணில் இரண்டு நிறுவனங்களும் ஒரே காலத்தில் தெரியும். ராஜினாமா, நோட்டீஸ் காலம், விடுவிப்புக் கடிதம் என்ற வரிசையை மீறாதீர்கள்.

வேளச்சேரி வாசகி: "என்ன நோய்?" என்று நேரடியாகவே கேட்டுவிட்டால்? முதுகுவலி என்று சொல்லிவிடலாம் என்கிறார் என் அக்கா.

உங்கள் அக்காவின் அன்பு புரிகிறது, யோசனை வேண்டாம். முதுகுவலி என்றால் எந்த எலும்பு மருத்துவர் என்று கேட்பார்கள். மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லி சாப்பிட்டீர்களா என்று விசாரிக்க அந்த அறையில் ஒருவராவது இருப்பார். நம் ஊரில் உடல்நோய் என்பது எல்லோரும் கலந்துகொள்ளும் உரையாடல்.

நோயின் பெயரைச் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. "அது தனிப்பட்ட மருத்துவ விஷயம். இந்த வேலையின் நேரமும் பொறுப்பும் தெரிந்துதான் விண்ணப்பித்தேன்" என்று இயல்பான குரலில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். பணிக்குத் திரும்பலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தால் மட்டும் அதையும் சேர்த்துச் சொல்லலாம். சொல்லாத ஒன்றை அவர் தலையில் ஏற்ற வேண்டாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 23ஆம் பிரிவில், சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் கடமையைச் சிகிச்சை அளிப்பவர்மீது சுமத்துகிறது. ஆகவே நிறுவனம் உங்கள் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து விவரம் பெற்றுவிடுமோ என்ற அச்சம் வேண்டாம். அந்தப் பிரிவு நேர்காணல் செய்பவரின் வாயை அடைப்பதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். எவ்வளவு சொல்வது என்பது உங்கள் கையில் இருக்கிறது.

மாதவரத்திலிருந்து ஒரு தாய்: மகனுக்குப் பேசக் கூச்சம். நான் மனிதவள அதிகாரியைச் சந்தித்து அவன் நிலையை எடுத்துச் சொல்லட்டுமா?

வேண்டாம் அம்மா. உங்கள் மகனின் சம்மதம் இல்லாமல் அவர் நோயைப் பற்றி வெளியாரிடம் பேசுவது முறையாகாது. வேலை கிடைக்கும் வாய்ப்பையும் அது குறைக்கும். வீட்டில் எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்டு அவருக்குப் பயிற்சி கொடுங்கள்.

கிண்டியில் கணக்குப் பிரிவில் இருப்பவர்: வேலை கிடைத்துவிட்டது. உடல்நலப் படிவத்தில் "ஏதேனும் நோய்க்குச் சிகிச்சை பெறுகிறீர்களா?" என்று இருக்கிறது. இல்லை என்று எழுதலாமா?

இங்கேதான் மிகுந்த கவனம் தேவை. பேச்சில் ஒன்றைச் சொல்லாமல் விடுவதும், கையொப்பமிட்ட படிவத்தில் பொய்யாக எழுதுவதும் ஒன்றாகா. பின்னாளில் அந்தத் தாளைக் காட்டியே உங்களை வெளியேற்ற முடியும். முதலில் கேள்வியின் சொற்களை நிதானமாகப் படியுங்கள்: "இந்தப் பணியைச் செய்யத் தடையாக உள்ள நோய்" என்று கேட்டிருந்தால், தடை இல்லாத நிலையில் "இல்லை" என்பது நேர்மையான பதிலே. நீங்கள் குறிப்பிட்டதுபோல் சிகிச்சையைப் பற்றியே கேட்டிருந்தால், "ஆம், மருத்துவர் கண்காணிப்பில் இருக்கிறேன்; விவரத்தை நிறுவன மருத்துவரிடம் தெரிவிக்கிறேன்" என்று எழுதலாம்.

காப்பீடு கிடைக்காது என்று யாராவது பயமுறுத்தினால், மனநோய்க்கான சிகிச்சைக்கும் உடல்நோய்க்கு இணையாகவே காப்பீடு வழங்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்வதை நினைவூட்டுங்கள்.

அம்பத்தூர் தொழிற்பேட்டை ஊழியர்: இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு மூலம் நோய்க்காலப் பணம் பெறுகிறேன். பாதி நாள் வேலைக்கு ஒருவர் அழைக்கிறார். போகலாமா?

அந்த உதவித்தொகை, நீங்கள் வேலைக்குச் செல்ல இயலாத நாட்களுக்காக, ஆண்டுக்கு 91 நாட்கள் வரை, ஊதியத்தில் 70 சதவீதம் என்ற அளவில் தரப்படுகிறது. அதே நாட்களில் வேறு இடத்தில் வேலை செய்து கூலி வாங்கினால் அது முறைகேடு. நேர்காணலுக்குச் சென்று வாருங்கள். வேலைக்குத் திரும்பலாம் என்ற மருத்துவத் தகுதிச் சான்றிதழ் வாங்கிய பிறகு வேலையில் சேருங்கள்.

அண்ணா நகர் பட்டதாரி: இருமுனைக் கோளாறு என்ற மனநோயால் நீண்ட இடைவெளி. மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கினால் பயன் உண்டா?

அரசு வேலைக்கு முயல்பவரென்றால் உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் சேர்த்துக்கொண்டுள்ளது. 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு என்று சான்றளிக்கப்பட்டவர்களுக்கான 4 சதவீத இட ஒதுக்கீட்டில், மனநோய், ஆட்டிசம் உள்ளிட்ட பிரிவினருக்குச் சேர்த்து 1 சதவீதம் உண்டு. தனியார் நிறுவனத்தில் அதைக் காட்டுவதும் காட்டாததும் உங்கள் விருப்பம்.

பல்லாவரம் வாசகர்: மாத்திரையால் காலையில் மந்தமாக இருக்கிறது. நேர்காணல் அன்று மட்டும் விட்டுவிடலாமா?

கூடாது. நேர்காணலைப் பிற்பகலுக்கு மாற்றித் தருமாறு கேளுங்கள். நீங்கள் காரணம் சொல்லாவிட்டாலும் மாற்றித் தருவார்கள், நானே பலருக்கு மாற்றித் தந்திருக்கிறேன். கேள்வி புரியாவிட்டால் மறுபடி கேட்கச் சொல்வதில் இழுக்கில்லை. மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்று உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். முந்தின இரவு பதற்றம் தாங்க முடியாமல் போனால், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.