செருப்பு அடுக்கும் பையனைப் பற்றி எழுதலாமா?

கேள்வி: மூன்றிலிருந்து ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு ஆறு வருடமாக ஆசிரியையாக இருக்கிறேன். வகுப்பில் நடப்பதை வலைப்பதிவில் எழுதவும், இன்ஸ்டாகிராமில் பகிரவும் ஆசை. நிர்வாகம், “நிறைய போட்டோ போடுங்கள், சேர்க்கைக்கு உதவும்” என்கிறது. பெற்றோர் சிலர் என் சொந்தக் கணக்குக்கு நட்பு அழைப்பு அனுப்புகிறார்கள். எனக்கோ பயமாக இருக்கிறது. என் வகுப்பில் ஒரு பையன் மூன்று வாரமாக வாசலில் கிடக்கும் எல்லோருடைய செருப்பையும் அடுக்கிக்கொண்டே இருக்கிறான். பார்க்க அவ்வளவு அழகு. இதை எழுதலாமா? படம் போடலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: எழுதுங்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே வரும் எச்சரிக்கைகளைப் படித்துவிட்டு ‘நமக்கெதற்கு வம்பு’ என்று நீங்கள் ஒதுங்கிவிடுவீர்களோ என்பதுதான் என் கவலை. சின்னக் குழந்தைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் ஏராளம். நாள் முழுக்க அவர்களோடு தரையில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுதுவது அபூர்வம். ஒரு பையன் மூன்று வாரமாகச் செருப்பு அடுக்குவதை நீங்கள் கவனித்திருக்கிறீர்கள். வேறு யாருக்கு அது கிடைக்கும்?

இதற்கு நல்ல முன்னோடிகளும் இருக்கிறார்கள். சார்லஸ் டார்வினின் மூத்த மகன் 1839இல் பிறந்தான். அவன் எப்போது கோபப்பட்டான், எதற்குப் பயந்தான், கண்ணாடியில் தன்னைப் பார்த்து என்ன செய்தான் என்றெல்லாம் டார்வின் குறித்து வைத்தார். அந்தக் குறிப்புகளைக் கட்டுரையாக ‘மைண்ட்’ என்ற உளவியல், தத்துவ இதழில் வெளியிட்டது 1877இல். அந்தக் குழந்தைக்கு அப்போது வயது 37! சிகாகோவில் மழலையர் வகுப்பு எடுத்த விவியன் பேலி, வகுப்பில் டேப் ரெக்கார்டரை ஓடவிட்டு, பிள்ளைகள் பேசியதை அப்புறம் வார்த்தை வார்த்தையாக எழுத்தில் இறக்குவார். அந்தப் பேச்சுகளிலிருந்துதான் அவருடைய புத்தகங்கள் பிறந்தன. 1989இல், படைப்பாற்றல் மிக்கவர்களுக்கு அமெரிக்காவில் தரப்படும் மெக்ஆர்தர் நல்கையும் அவருக்குக் கிடைத்தது. இந்தக் குழந்தை என்ன யோசிக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசைதான் இருவரையும் எழுத வைத்தது. உங்களுக்கும் அதுவே போதும்.

எப்படி எழுதுவது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ‘இன்று தண்ணீர் விளையாட்டு! குட்டீஸ் செம ஜாலி!’ என்று ஒரு பதிவு போடலாம். படிப்பவருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. அதே அரை மணி நேரத்தை இப்படியும் எழுதலாம்: ‘நான்கு வயதுக் குழந்தை ஒன்று, அகலமான கிண்ணத்தில் இருந்த தண்ணீரை உயரமான ஒல்லி டம்ளரில் ஊற்றியது. “இப்ப நிறைய ஆயிடுச்சு” என்றது. அதே தண்ணீரைத் திரும்பக் கிண்ணத்தில் ஊற்றினேன். “இப்ப கம்மி ஆயிடுச்சு.”’ இதோடு, பாத்திரம் மாறினாலும் அளவு மாறாது என்பது பெரும்பாலான குழந்தைகளுக்கு ஏழு வயது வாக்கில்தான் பிடிபடும் என்று குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் ழான் பியாஜே கண்டதை இரண்டு வரியில் சேருங்கள். படிக்கும் ஓர் அம்மாவுக்கு, ‘அவனுக்கு மட்டும் நிறைய ஊத்தினே’ என்று வீட்டில் நடக்கும் சண்டை சட்டென்று விளங்கிவிடும். இரண்டாவது பதிவுக்குப் படமே தேவைப்படவில்லை, பார்த்தீர்களா?

சரி, படத்துக்கு வருவோம். குழந்தை செய்ததைக் காட்டுங்கள். குழந்தையின் முகத்தை விட்டுவிடுங்கள். நான் வகுப்பு எடுத்த நாட்களிலும், இப்போது நான் பயிற்சி தரும் ஆசிரியர்களுக்கும் இதுதான் அளவுகோல். உங்கள் பையனின் செருப்பு வரிசையை மேலே நின்று ஒரு படம் எடுத்துப் பாருங்கள். பெரியதிலிருந்து சின்னது வரை போகிறதா, ஜோடி பிரியாமல் இருக்கிறதா, நுனியெல்லாம் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று எல்லாம் அதில் தெரியும். பையன் கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் படத்தில் இதில் ஒன்றுகூடத் தெரியாது. கை, முதுகுப்பக்கம், களிமண், பாதி கட்டிய கோபுரம், கிறுக்கிய தாள் இவையே போதும்.

முகத்தை மறைத்துவிட்டால் சரிதானே என்று பலர் கேட்கிறார்கள். பல சமயம் சரியில்லை. போனில் உள்ள ஹைலைட்டரால் முகத்தின் மேல் பூசினால், வெளிச்சத்தைக் கூட்டிப் பார்க்கிறவர்களுக்கு முகம் தெரிந்துவிடக்கூடும். முகம் மறைந்தாலும் சீருடை, பையில் எழுதிய பெயர், பின்சுவரில் ஒட்டிய பிறந்தநாள் அட்டவணை எல்லாம் அப்படியே இருக்கும். படக் கோப்புக்குள் எடுத்த நேரமும், இருப்பிடச் சேவை இயங்கினால் எடுத்த இடமும் பதிவாகிவிடும். பெரிய சமூக ஊடகங்கள் படத்தை வெளியிடும்போது பொதுவாக அந்தத் தகவலை நீக்கிவிடுகின்றன. வலைப்பதிவில் நீங்கள் ஏற்றும் மூலப் படத்தில் அது தங்கிவிடலாம். அதனால் போன் கேமராவின் அமைப்பில் இருப்பிடத்தை அணைத்துவிட்டுப் படம் எடுங்கள். வெளியே அழைத்துப் போகும் நாளில், திரும்பி வந்து குழந்தைகள் வீடு சேர்ந்த பிறகு பதிவிடுங்கள். இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: உங்கள் சொந்த போனில் எடுக்கும் படம் தானாகவே உங்கள் மேகச் சேமிப்புக்கும் (கிளவுட்) போய்விடலாம். ஊரார் பிள்ளைகளின் படங்கள் உங்கள் குடும்பப் படங்களுக்கு நடுவே கிடக்க வேண்டாம். வகுப்புக்கென்று ஒரு சாதனம் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

ஒப்புதல் விஷயத்தில் ஒரே ஒரு கையெழுத்து போதாது. வகுப்புக் கோப்புக்குள் வைக்க, பெற்றோர் மட்டும் பார்க்கும் குழுவில் போட, உலகமே பார்க்கும் இடத்தில் போட என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். முதல் இரண்டுக்குச் சரி என்று சொல்லும் பலர் மூன்றாவதற்கு வேண்டாம் என்பார்கள். காரணம் கேட்காதீர்கள். ஒரு குடும்பம் யாருக்கோ பயந்து இருப்பிடத்தை மறைத்து வாழலாம். அதை உங்களிடம் விளக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம் என்றும் எழுதிக்கொடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் இருக்கும் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதை உரிமையாகவே வைத்திருக்கிறது. உங்கள் நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது என்பதை நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தையிடமும் கேளுங்கள். ஐ.நா.வின் 1989 குழந்தை உரிமை உடன்படிக்கை, தனியுரிமையும் தன் கருத்தைச் சொல்லும் உரிமையும் குழந்தைக்கும் உண்டென்று சொல்கிறது. “உன் கோபுரத்தைப் படம் எடுக்கட்டுமா?” என்று கேட்டால் மூன்று வயதுக் குழந்தை தெளிவாகப் பதில் சொல்லும். வாய் பேசாவிட்டால் உடம்பு சொல்லும். முகத்தைத் திருப்பினாலோ கையால் மறைத்தாலோ போனை உள்ளே வைத்துவிடுங்கள். நான் கவனித்த இன்னொன்று: போன் அடிக்கடி வெளியே வரும் வகுப்பில், பிள்ளைகள் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கப் பழகிவிடுகிறார்கள். நீங்கள் பார்க்க விரும்பிய அந்த யோசனை அங்கேயே அறுந்துபோகிறது. ஆகவே முதல் கருவி நோட்டுப்புத்தகமாக இருக்கட்டும். தேதி, வயது, குழந்தை சொன்ன வாக்கியம் மூன்றும் போதும். “பெரிய ஆள் செருப்பு முன்னாடி நிக்கணும்” என்று அவன் சொன்னால், அதை ‘பெரிய செருப்பை முதலில் வைத்தான்’ என்று திருத்தி எழுதிவிடாதீர்கள். அவன் வார்த்தையில்தான் அவன் யோசனை இருக்கிறது.

இனி நான் பட்டு அறிந்த ஒன்று. ஆசிரியையாக இருந்த நாட்களில், கோபம் வந்தால் மற்றவர்களைக் கடித்துவிடும் ஒரு குழந்தையைப் பற்றிப் பொதுவில் எழுதினேன். பெயர் போடவில்லை. இரக்கத்தோடுதான் எழுதினேன், கடிப்பது வார்த்தை வராத வயதின் மொழி என்று. மறுநாள் காலை குழந்தையை விட வந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. மாலையில் சொன்னார்: “எல்லோருக்கும் தெரியும் டீச்சர், அது யாருன்னு.” பதினாறு பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் பெயரை மறைப்பது எதையும் மறைப்பதாகாது. பதிவை நீக்கினேன். அந்த அம்மா என்னிடம் மறுபடி மனம்விட்டுப் பேச மாதங்கள் ஆயின. அன்றிலிருந்து குழந்தையின் சிரமமான நடத்தையைப் பற்றிப் பொதுவில் எழுதுவதில்லை. எழுதியே ஆக வேண்டும் என்றால் வருடங்கள் கழித்து, பல குழந்தைகளிடம் கண்டதைச் சேர்த்து, அப்படிச் சேர்த்திருக்கிறேன் என்பதையும் சொல்லி எழுதுகிறேன். அமெரிக்காவின் முன்பருவக் கல்வியாளர் சங்கமான என்.ஏ.இ.ஒய்.சி. (NAEYC), தன் அறநெறிக் கோட்பாடுகளில் ‘குழந்தைகளுக்குத் தீங்கு செய்யக் கூடாது’ என்பதை மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருக்கிறது. எழுத்தும் தீங்கு செய்யும்.

உங்கள் செருப்புப் பையனைப் பற்றி எழுதுவதில் இருக்கும் ஆபத்தும் இதுதான். வரிசையாக அடுக்குவது இந்த வயதுக் குழந்தைகள் பலரிடம் காணும் விளையாட்டு. ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்து உலகத்தைப் புரிந்துகொள்ளும் இந்த முறையை இங்கிலாந்து முன்பருவக் கல்வியாளர்கள் ‘ஸ்கீமா’ என்கிறார்கள். ஆனால் பொதுவில் போட்ட மறுநிமிடம் யாரோ ஒருவர் ‘ஆட்டிசம் அறிகுறியா?’ என்று கேட்பார். ஒற்றைச் செயலை வைத்து யாராலும் அப்படிச் சொல்ல முடியாது. மருத்துவர் குழந்தையின் பேச்சு, பழகும் விதம், வளர்ச்சி எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்ப்பார். இருந்தும் அந்தக் கேள்வி அங்கே கிடக்கும், அவன் அம்மாவும் அதைப் படிப்பார். அதனால் பதிவிடும் முன் எழுதியதை அவரிடம் காட்டுங்கள். அப்படி ஒரு கேள்வி வந்தால் விவாதிக்காமல் நீக்கிவிடுங்கள். ‘என் பிள்ளை இன்னும் பேசவில்லை, என்ன செய்ய?’ என்று வேறு பெற்றோர் கேட்டால், குழந்தைநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள், காது கேட்கும் திறனையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். காத்திருக்கச் சொல்லாதீர்கள். அதற்கு மேல் போகாதீர்கள்.

நட்பு அழைப்புக்கு எளிய வழி இருக்கிறது. சொந்தக் கணக்கைப் பூட்டிவிட்டு, தொழிலுக்கென்று தனிக் கணக்கு திறந்து, “பெற்றோர் எல்லோரையும் இங்கேதான் சேர்க்கிறேன்” என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லுங்கள். சிலரை ஏற்றுச் சிலரை விட்டால்தான் மனக்கசப்பு வரும். குழந்தையைப் பற்றிய தனிப்பட்ட பேச்சு எதுவும் அங்கே வேண்டாம்.

நிர்வாகத்திடம் வெறுமனே ‘முடியாது’ என்று சொல்லாமல் மாற்று ஒன்றை நீட்டுங்கள். பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோருக்கு, இங்கே இருப்பவர்கள் குழந்தையை எவ்வளவு கூர்ந்து கவனிக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். அந்தத் தண்ணீர்ப் பதிவு போன்றவை அதைச் சொல்லும். மாதம் இரண்டு அப்படி எழுதித் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். நிர்வாகத்தின் பெயரிலும் கணக்கிலும் வரும் பதிவு எது, உங்கள் சொந்தக் கருத்து எது என்பதை முன்பே எழுத்தில் பிரித்துக்கொள்ளுங்கள். வேலை மாறும்போது அது உதவும்.

செயல்பாடுகளைப் பகிர்ந்தால் வயதையும் ஆபத்தையும் சேர்த்தே எழுதுங்கள். அமெரிக்கப் பாதுகாப்பு விதிப்படி, சுமார் 3.2 செ.மீ. விட்டமுள்ள சோதனை உருளைக்குள் முழுவதும் அடங்கும் எதுவும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தொண்டையில் அடைக்கக்கூடிய பொருள். நீரில் ஊறிப் பெருகும் ஜெல் மணிகள் வயிற்றுக்குள் போனால் அங்கும் பெருகிக் குடலை அடைத்துவிடும். படத்தில் அழகாக இருக்கிறது என்பதற்காக அவற்றைப் பரிந்துரைக்கவே வேண்டாம். பொம்மை நிறுவனம் எதையாவது இலவசமாக அனுப்பி நீங்கள் அதைப் பற்றி எழுதினால், இலவசமாக வந்தது என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

எங்கே எழுதுவது என்றால், முழுதாக எழுதுவதை வலைப்பதிவில் எழுதி, அதிலிருந்து ஒரு வாக்கியமும் ஒரு படமும் மட்டும் இன்ஸ்டாகிராமில் போடுங்கள். அங்கே போடுவது அடுத்த வாரமே அடியில் போய்விடும். வலைப்பதிவில் இருப்பதைத் தேடி எடுக்கலாம், இரண்டு வருடம் கழித்து நீங்களே படித்து உங்கள் பார்வை எப்படி மாறியது என்று காணலாம்.

முதல் பதிவு அந்தச் செருப்புகளே இருக்கட்டும். நானாக இருந்தால் இப்படித் தொடங்குவேன்: ‘எங்கள் வாசலில் தினமும் செருப்புகள் சிதறிக் கிடக்கும். மூன்று வாரமாக ஒரு குழந்தை அவற்றை வரிசைப்படுத்துகிறது. முதல் வாரம் வெறும் கோடு. இரண்டாம் வாரம் ஜோடிகள் சேர்ந்தன. நேற்று பெரியதில் தொடங்கிச் சின்னதில் முடிந்தது. நடுவில் ஒன்றை நான் வேண்டுமென்றே மாற்றி வைத்தேன். குழந்தை வந்து நின்றது, நீண்ட நேரம் பார்த்தது, அப்புறம் அந்தச் செருப்பை எடுத்துப் பக்கத்துச் செருப்பின் மேல் வைத்து அளந்தது.’ நாளைக்கு நீங்களும் ஒன்றை மாற்றி வைத்துப் பாருங்கள். அவன் என்ன செய்கிறான், என்ன சொல்கிறான் என்பதை நோட்டில் குறித்துக்கொண்டு, மாலையில் அவன் அம்மாவிடம் முதலில் படித்துக் காட்டுங்கள்.