வாசல்ல வந்து வித்த லான் கேர் கான்ட்ராக்ட்டை கேன்சல் பண்ண முடியுமா?

கேள்வி: அண்ணா, டல்லாஸ் பக்கம் ஃப்ரிஸ்கோல புதுசா வீடு வாங்கியிருக்கோம். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு லான் கேர் கம்பெனி பையன் வந்து, புல்லுல களை நிறைய இருக்கு, ஃபர்ஸ்ட் ட்ரீட்மென்ட் 30 டாலர்தான்னு சொன்னான், என் வீட்டுக்காரரும் அவன் டேப்லெட்டுலயே கையெழுத்து போட்டு கார்டு நம்பரும் குடுத்துட்டார். ராத்திரி இமெயில்ல வந்த அக்ரிமென்ட்டைப் பாத்தா வருஷத்துக்கு 7 ட்ரீட்மென்ட், அடுத்ததுல இருந்து ஒவ்வொண்ணும் 75 டாலர், நாங்களா நிறுத்தச் சொல்ற வரைக்கும் தானா ரின்யூ ஆகுமாம். இன்னிக்கு திங்கள், ஏதாவது பண்ணலாமா?

பதில்: தாராளமா பண்ணலாம்மா, ஆனா புதன்கிழமை ராத்திரி 12 மணிக்குள்ள. வீட்டு வாசல்ல வந்து 25 டாலரோ அதுக்கு மேலயோ வித்தா, பெரும்பாலான விஷயங்களை மூணு பிசினஸ் நாளுக்குள்ள காரணமே சொல்லாம கேன்சல் பண்ணலாம்னு ஃபெடரல் ட்ரேட் கமிஷனோட கூலிங் ஆஃப் ரூல் இருக்கு. கையெழுத்து போட்ட நாளை விட்டுட்டு அடுத்த நாள்ல இருந்து எண்ணணும்; சனிக்கிழமையும் பிசினஸ் நாள்தான், ஞாயிறும் ஃபெடரல் லீவும் மட்டும் கணக்குல வராது. நீங்களே ஆன்லைன்லயோ முழுக்க ஃபோன்லயோ புக் பண்ணியிருந்தா இந்த ரூல் உதவாது.

கேன்சலேஷன் ஃபார்ம் ரெண்டு காப்பி அவங்களே குடுத்திருக்கணும், குடுக்கலன்னா ஒரு வெள்ளைப் பேப்பர்ல தேதி, அட்ரஸ், "கேன்சல் பண்றோம்"னு எழுதி கையெழுத்து போட்டு போஸ்ட் ஆபீஸ் கவுன்ட்டர்ல சர்டிஃபைட் மெயில்ல ரிட்டர்ன் ரிசீட்டோட அனுப்புங்க. போஸ்ட்மார்க் புதன்கிழமைக்குள்ள விழுந்தா போதும், அவங்க கைக்கு எப்போ போனாலும் பரவால்ல. கஸ்டமர் கேர்ல "சரி மேடம், நோட் பண்ணிட்டோம்"னு சொல்றதை தயவுசெஞ்சு நம்பாதீங்க, ஃபோன்ல சொன்னதுக்கு உங்க கைல ஒரு ஆதாரமும் இருக்காது. கட்டின பணத்தை 10 பிசினஸ் நாளுக்குள்ள திருப்பித் தரணும். நாளைக்கே மருந்தடிக்க ஆள் வந்தா வேணாம்னு திருப்பி அனுப்பிடுங்க, அடிச்சாச்சுன்னா வீணா பேச்சு வளரும்.

இன்னொண்ணு, முதல் வருஷத்துக்கு 480 டாலர் குடுத்து இந்த மாதிரி ப்ரோக்ராம் எடுத்தாலும் புல்லு வெட்டித் தருவாங்கன்னு நினைச்சுடாதீங்க, பெரும்பாலும் உரமும் களைக்கொல்லியும் மட்டும்தான், வெட்ட தனி ஆள் வைக்கணும், இல்லன்னா புல்லு வளந்துருச்சுன்னு ஹெச்ஓஏ-கிட்ட (உங்க ஏரியா வீட்டுக்காரங்க சங்கம்) இருந்து லெட்டர் வரும். நம்ம ஆளுங்க நிறைய பேர் மாட்டிக்கறது இங்கதான்.

வேற கம்பெனி பாக்கறதா இருந்தா உங்க புல்லு பெர்முடாவா செயின்ட் அகஸ்டினான்னு அக்ரிமென்ட்லயே எழுதச் சொல்லுங்க, பெர்முடாவுக்கு அடிக்கிற சில களைக்கொல்லி செயின்ட் அகஸ்டினைக் கருக்கிடும். களை முளைக்காம தடுக்கற ப்ரீ எமர்ஜென்ட் அங்க பிப்ரவரி கடைசி, மார்ச் ஆரம்பத்துலயும் அப்புறம் செப்டம்பர்லயும் போட்டாதான் பிரயோஜனம், அதனால எந்த மாசம் என்ன போடுவாங்க, நடுவுல களை வந்தா ஃப்ரீயா திரும்ப வருவாங்களா, எத்தனை நாள் முன்னாடி சொன்னா நிறுத்தலாம், இது மூணும் எழுத்துல இருக்கணும். மருந்தடிக்கிற கம்பெனிக்கு டெக்சாஸ் அக்ரிகல்ச்சர் டிபார்ட்மென்ட் லைசென்ஸ் வேணும், நம்பர் கேளுங்க.

கேன்சல் பண்ணியும் கார்டுல பணம் எடுத்தா பேங்க்ல டிஸ்ப்யூட் போட்டுட்டு, டெக்சாஸ் அட்டர்னி ஜெனரல் ஆபீஸ்ல கன்ஸ்யூமர் கம்ப்ளெய்ன்ட்டும் குடுங்க, அதுக்கு அந்த சர்டிஃபைட் மெயில் ரசீதை பத்திரமா வெச்சுக்கோங்க.