‘புட் ஓஃப்’ என்பதற்குத் ‘தள்ளிப்போடு’ மட்டும்தான் அர்த்தமா?

ஆங்கிலத்தில் ‘புட் ஓஃப்’ (put off) வரும் இரண்டு வசனங்களைத் தந்து, இரண்டிலும் அர்த்தம் ஒன்றுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு வசனங்களும் சரியானவை. ‘தே புட் ஓஃப் த எக்ஸாம்’ என்பதில் பரீட்சையைப் பிற்போடுகிறார்கள். ‘த ஸ்மெல் புட் மீ ஓஃப்’ என்பதற்கும் அதே அர்த்தத்தை வைத்தால் ‘மணம் என்னைப் பிற்போட்டது’ என்று வருகிறது, அங்கேதான் இடிக்கிறது. ‘புட் ஓஃப்’ செய்யப்படுவது வேலையா, ஆளா என்று முதலில் பாருங்கள். செயப்படுபொருள் எது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வேலை, கூட்டம், தேர்தல், கலியாணம் என்று ஒரு நிகழ்வு வந்தால் அது பிற்போடுதல். இலங்கையில் 2023 மார்ச் 9 ஆந் திகதி நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தலை ஏப்ரல் 25 இற்குப் பிற்போட்டார்கள், அன்றும் நடக்கவில்லை. அந்த முதல் அறிவிப்பை ஆங்கிலத்தில் ‘த எலெக்ஷன் வோஸ் புட் ஓஃப் அன்டில் ஏப்ரல் 25’ என்று எழுதலாம். இதில் ‘அன்டில்’ முக்கியம். எங்கட பிள்ளைகள் அநேகமாகச் சறுக்குவது இந்த இடத்தில்தான். ‘திங்கட்கிழமைக்குப் பிற்போட்டார்கள்’ என்று தமிழில் நினைத்து, அந்த ‘க்கு’வை அப்படியே ‘ஃபோர் மண்டே’ ஆக்கிவிடுவார்கள். புதிய நாளைச் சொல்லும்போது ‘அன்டில் மண்டே’ அல்லது ‘டில் மண்டே’. எவ்வளவு காலம் என்று சொல்லும்போதுதான் ‘ஃபோர்’ வரும்: ‘ஃபோர் டூ வீக்ஸ்’.

‘கோல் ஓஃப்’ (call off) வேறு. அது இரத்துச் செய்வது. 2020 ஒலிம்பிக்கை டோக்கியோவில் அடுத்த வருடம் நடத்தினார்கள். அது புட் ஓஃப். அதே வருட விம்பிள்டன் நடக்கவே இல்லை. அது கோல்ட் ஓஃப். ரியூசன் வகுப்பு அடுத்த கிழமைக்கு மாறினால் முதலாவது, அந்த வகுப்பே இல்லையென்றால் இரண்டாவது. செய்தி எழுதுகிறவர்கள் இதை மாற்றி எழுதினால் வாசிக்கிற ஆள் வீணாக அலையவேண்டி வரும்.

இனி ஆள் வரும் வசனங்கள். இதில்தான் நுணுக்கம் கூட.

‘ஓஃப்’ இற்குப் பின்னால் ஒரு பொருளோ செயலோ நின்றால், அந்த ஆளுக்கு அதிலே மனம் விட்டுப்போயிற்று என்று அர்த்தம். ‘த ஸ்மெல் ஒஃப் கிராப் புட் ஹேர் ஓஃப் த கூழ்’ என்றால், நண்டு மணத்தால் அவளுக்கு ஒடியற்கூழ் குடிக்கிற ஆசையே போய்விட்டது. பின்னால் நிற்பது செயலென்றால் ‘இங்’ வடிவத்தில் நிற்கும். ஒரே நயினாதீவுப் படகுப் பயணத்தை வைத்து இரண்டு விதமாகவும் சொல்லலாம். கடல் கொந்தளிப்பால் பயணம் வேறு நாளுக்குப் போனால் ‘த டிரிப் வோஸ் புட் ஓஃப்’. குறிகட்டுவான் இறங்குதுறையில் அலையைக் கண்டு, போகிற எண்ணத்தையே விட்டால் ‘த வேவ்ஸ் புட் தெம் ஓஃப் கோயிங்’. முதலாவதில் பயணம் இன்னொரு நாள் நடக்கும். இரண்டாவதில் அவர்களுக்கு ஆசையே இல்லை.

பின்னால் எதுவும் இல்லாமல் ஆள் மட்டும் வந்தால் சூழலைப் பார்க்கவேண்டும். ‘ஸ்மெல் புட் மீ ஓஃப்’ என்பது அருவருப்பு. ஒருவர் கணக்குச் செய்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்று கதைப்பவரிடம் ‘யூ ஆர் புட்டிங் மீ ஓஃப்’ என்றால் ‘குழப்பாதை’ என்பது. இது பிரித்தானிய வழக்கு. சீட்டுக் காசு கேட்டுப் போகும்போதெல்லாம் நாளைக்கு வா, நாளையிண்டைக்கு வா என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தால் ‘ஹீ கீப்ஸ் புட்டிங் மீ ஓஃப்’, அதாவது இழுத்தடிக்கிறார். எழுவாய் மணம், விலை, அலை போன்ற ஒன்றென்றால் பெரும்பாலும் வெறுப்பு. ஆளென்றால் குழப்புதலா இழுத்தடித்தலா என்பதை முன்பின் வசனங்கள் காட்டிவிடும்.

சொல் ஒழுங்கைக் கவனியுங்கள். ‘புட் ஓஃப் த மீட்டிங்’, ‘புட் த மீட்டிங் ஓஃப்’ இரண்டும் சரி. ஆனால் ‘இட்’, ‘தெம்’, ‘மீ’ போன்ற பிரதிப்பெயர் வந்தால் நடுவில்தான் நிற்கவேண்டும்: ‘புட் இட் ஓஃப்’. ‘புட் ஓஃப் இட்’ பிழை. வெற்றிடம் நிரப்புகிற கேள்விகளில் இதைக் குறிவைத்துக் கேட்பதுண்டு. ‘பல் வைத்தியரிடம் போவதைத் தள்ளிப்போடாதே’ என்பதற்கு ‘டோன்ட் புட் ஓஃப் கோயிங் டு த டென்டிஸ்ட்’. ‘புட் ஓஃப் டு கோ’ வராது. இறந்த காலத்திலும் ‘புட்’ தான், ‘புட்டட்’ என்று ஒரு சொல் கிடையாது. அதனால் ‘ஹீ புட் இட் ஓஃப்’ என்பதில் ‘எஸ்’ இல்லாததே அது இறந்த காலம் என்று காட்டுகிறது. உச்சரிக்கும்போது அழுத்தம் ‘ஓஃப்’ இல் விழவேண்டும்.

உடுப்பு விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. ‘புட் ஒன்’ என்றால் போடு. அதற்கு எதிர் ‘புட் ஓஃப்’ என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். எதிர்ச்சொல் ‘டேக் ஓஃப்’. நல்லூர்க் கோயிலுக்குள் போக ஆண்கள் சேர்ட்டைக் கழற்றவேண்டும் என்று வெளிநாட்டவருக்குச் சொல்வதானால் ‘பிளீஸ் டேக் ஓஃப் யுவர் ஷேர்ட்’. ‘புட் ஓஃப்’ என்று சொன்னால் அவர் முழிப்பார்.

லைற்றை நூர்ப்பதற்கு ‘புட் ஓஃப் த லைட்’ என்று எங்கட ஊரில் தாராளமாகச் சொல்கிறோம். அதை முழுப்பிழை என்று திருத்தவேண்டாம். பிரித்தானியாவிலும் இருந்த வழக்குத்தான். இன்றைக்குப் பரீட்சைத் தாளில் ‘சுவிச் ஓஃப்’ அல்லது ‘டேர்ன் ஓஃப்’ எழுதுவது நல்லது. ‘ஓஃப் த லைட்’ மட்டும் எழுதவே கூடாது. அந்த வசனத்தில் வினைச்சொல்லே இல்லை.

அலுவலகக் கடிதத்தில் பிற்போடுதலுக்குப் ‘போஸ்ட்போன்’ எழுதுங்கள். ‘புட் ஓஃப்’ பேச்சுக்கும் நண்பருக்கு எழுதும் கடிதத்துக்கும் பொருந்தும். ஆனால் ‘மனம் விட்டுப்போதல்’ என்ற அர்த்தத்துக்குப் ‘போஸ்ட்போன்’ ஒருபோதும் வராது. வெறுப்பூட்டுகிற ஒன்றை அடைமொழியாகச் சொல்ல ‘ஓஃப்-புட்டிங்’ என்று சொல்லை மாற்றிப் போடுவார்கள்: ‘அன் ஓஃப்-புட்டிங் ஸ்மெல்’. இதை நடுவில் சிறுகோடு வைத்து எழுதவேண்டும்.