தடுப்பூசியும் துணையூக்கியும்: கேட்டீர்கள், சொல்கிறேன்

நோய் எதிர்ப்பியல் ஆய்வகத்தில் பல வருடமாக எலிகளோடும் டி செல்களோடும் (நோய் எதிர்ப்புக்கு வழிகாட்டும் வெள்ளணுக்கள்) மல்லுக்கட்டுபவள் நான். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். "எனக்கு எந்த ஊசி போடலாம்" என்று கேட்டவர்கள் உங்கள் மருத்துவரிடமே போங்கள்.

கேள்வி: அக்கா, கிருமியோட புரதத்தை மட்டும் சுத்தமா பிரிச்சு ஊசியில ஏத்தினா போதாதா? துணையூக்கின்னு இன்னொன்னு எதுக்கு?

துணையூக்கி என்பது, உடலின் எதிர்ப்பைத் தூண்டிவிடத் தடுப்பூசியில் கூடவே கலக்கும் பொருள். சுத்தமாக இருப்பதுதான் அந்தப் புரதத்தின் குறையே. உடலுக்குள் வரும் அந்நியப் புரதத்துக்கெல்லாம் போர் தொடுத்தால் நாம் சாப்பிடவே முடியாது. அதனால் காவலுக்கு நிற்கும் டென்ட்ரிடிக் செல்கள் இரண்டு விஷயம் பார்க்கின்றன: வந்தது யார், அதனால் ஆபத்து உண்டா. பாக்டீரியாவின் சுவர்த் துண்டு, வைரஸின் ஆர்.என்.ஏ. போன்றவை தட்டுப்பட்டால்தான் அவை விழித்து, நிணநீர் முடிச்சுக்கு ஓடி, டி செல்லிடம் புரதத் துண்டைக் காட்டும். கூடவே "இது நிஜம்தான்" என்று இரண்டாவது சமிக்ஞையும் கொடுக்கும். அந்த இரண்டாவது சமிக்ஞை வராவிட்டால் டி செல் எழும்பாது; பல நேரம் அந்தப் புரதத்தைக் கண்டுகொள்ளாமல் இருக்கவே பழகிவிடும்.

துணையூக்கி கொடுப்பது அந்த ஆபத்துச் செய்தியைத்தான். அமெரிக்க நோய் எதிர்ப்பியலாளர் சார்லஸ் ஜேன்வே 1989-இல் இதை 'நோய் எதிர்ப்பியலாளர்களின் அழுக்கு ரகசியம்' என்றே சொன்னார். புரதத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, எலிக்கு ஊசி போடும்போது சத்தமில்லாமல் துணையூக்கியைக் கலந்துகொள்வார்கள். அது ஏன் வேலை செய்கிறது என்று யாருக்கும் தெரியாது. கிருமியின் அடையாளங்களை மோப்பம் பிடிக்கும் டோல் வகை ஏற்பிகள் கண்டறியப்பட்ட பிறகுதான் விடை கிடைத்தது. அதற்காக போய்ட்லர், ஹாஃப்மன் இருவருக்கும், டென்ட்ரிடிக் செல்லுக்காக ஸ்டைன்மனுக்கும் 2011-இல் நோபல் பரிசு.

கேள்வி: இதை முதல்ல யார் கண்டுபிடிச்சது?

பிரான்ஸின் கஸ்தோன் ரமோன். 1920-களில் நச்சு முறிவு மருந்து தயாரிக்கக் குதிரைகளுக்கு நஞ்சு நீக்கிய கிருமி நச்சை ஊசியில் ஏற்றியபோது, ஊசி போட்ட இடம் சீழ் பிடித்து வீங்கிய குதிரைகளிடம் எதிர்ப்புச் சத்து (ஆன்டிபாடி) அதிகம் கிடைப்பதைக் கவனித்தார். சரி, வேண்டுமென்றே வீங்க வைத்துப் பார்ப்போம் என்று மரவள்ளி மாவு, ரொட்டித் தூள் எல்லாம் கலந்தார்! 1926-இல் இங்கிலாந்தின் கிளென்னி, தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) ஊசி மருந்தைப் படிகாரத்தோடு சேர்த்து வீழ்படிவாக்கினார். அந்த அலுமினிய உப்பு வழிதான் இன்றும் ஓடுகிறது.

கேள்வி: அலுமினியம் மருந்தை ஒரே இடத்துல தேக்கி வச்சு மெதுவா விடுது, அதனாலதான் வேலை செய்யுதுன்னு எங்க பாடப்புத்தகத்துல இருக்கு. சரியா மேடம்?

அது கிளென்னி காலத்து விளக்கம். எலியின் காதில் ஊசி போட்டு, இரண்டு மணி நேரத்தில் அந்த இடத்தையே வெட்டி எடுத்துப் பார்த்தார்கள். ஆன்டிபாடி வழக்கம்போல் வந்தது. ஆக, தேக்கம் முக்கியக் காரணமாக இருக்க முடியாது. அலுமினியத் துகள் சுற்றியுள்ள செல்களைக் காயப்படுத்த, அவை கசியவிடும் யூரிக் அமிலம், டி.என்.ஏ. போன்றவை அபாயமணி அடிக்கின்றன என்பது இன்றைய பார்வை. அதிலும் எந்த மணி முக்கியம் என்று எங்களுக்குள் சண்டை ஓயவில்லை. தேர்வில் மட்டும் புத்தகத்தில் உள்ளதை எழுதிவிடுங்கள், மதிப்பெண் முக்கியம்.

கேள்வி: எந்தத் துணையூக்கியா இருந்தா என்ன, ஆன்டிபாடி அளவு ஏறினா சரிதானே?

இந்தக் கேள்விக்காகவே உட்கார்ந்திருந்தேன். சரியில்லை. எவ்வளவு என்பதைவிட எந்த வகை என்பதுதான் பெரிய விஷயம்.

உதவி டி செல்கள் ஒரே ரகம் அல்ல. டிஎச்1 என்ற ரகம், செல்லுக்குள் ஒளியும் கிருமிகளுக்கு, டிஎச்2 புழுக்களுக்கும் ஒவ்வாமைக்கும், டிஎச்17 சளிச்சவ்வுப் பரப்புகளுக்கு என்று மேலோட்டமாக வைத்துக்கொள்ளலாம். எந்தப் பாதை என்பதை டென்ட்ரிடிக் செல்லுக்கு முதலில் கிடைத்த செய்தி பெருமளவு தீர்மானிக்கிறது. அலுமினியம் டிஎச்2 பக்கம் சாய்க்கும்.

கக்குவான் இருமலை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய முழுச்செல் ஊசியில் பாக்டீரியாவின் சுவரே துணையூக்கி. டிஎச்1, டிஎச்17 வரும். காய்ச்சலும் வீக்கமும் அதிகம் என்று, சில புரதங்களோடு அலுமினியம் சேர்த்த புது ஊசி வந்தது. ஆன்டிபாடி நன்றாகவே வந்தது. ஆனால் பாபூன் குரங்குகளில் சோதித்தபோது, புது ஊசி பெற்றவை நோய்வாய்ப்படவில்லை. கிருமி மட்டும் மூக்கிலும் தொண்டையிலும் குடியேறி அடுத்த குரங்குக்கும் பரவியது. பாதுகாப்பும் சில வருடங்களில் தேய்கிறது.

இதைவிடக் கசப்பான பாடம் 1960-களின் நடுவில் அமெரிக்காவில். ஃபார்மலினால் கொன்ற ஆர்.எஸ்.வி. என்ற, குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் வைரஸை அலுமினியத்தோடு குழந்தைகளுக்குப் போட்டார்கள். பிறகு உண்மையான தொற்று வந்தபோது, ஊசி போட்டுத் தொற்று வந்த குழந்தைகளில் 80 சதவீதம் மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று. இரண்டு குழந்தைகள் இறந்தன. ஆன்டிபாடி இருந்தது, ஆனால் வைரஸை இறுகப் பற்றாத ஆன்டிபாடி. அதோடு நுரையீரலில் தப்பான ரக அழற்சி.

கேள்வி: அக்கிக்கு உயிருள்ள ஊசியை விட புது புரத ஊசி எப்படி அவ்வளவு நல்லா வேலை செய்யுது?

அக்கி வைரஸ் நரம்பு முடிச்சில் தூங்குகிறது. எழவிடாமல் காவல் நிற்பது டி செல்கள். வயதாக ஆகக் காவல் தளர்கிறது. 60 வயதைத் தாண்டியவர்களிடம் பழைய ஊசி சுமார் 51 சதவீதம் பாதுகாப்புத் தந்தது; புது ஊசி 50 தாண்டியவர்களிடம் சுமார் 97. வித்தியாசத்தின் பெரும்பங்கு ஏஎஸ்01 என்ற துணையூக்கிக்குச் சேரும். சால்மோனெல்லா பாக்டீரியாவின் சுவர்க் கொழுப்பை நஞ்சு நீக்கி, சிலி நாட்டு குயிலாயா மரப்பட்டைச் சாற்றின் ஒரு கூறோடு கொழுப்புக் குமிழியில் அடைத்தது. டி செல்களைத் தட்டி எழுப்புவதில் கெட்டி. இரண்டு நாள் கை வலிப்பது அதற்கான கூலி.

கேள்வி: எம்.ஆர்.என்.ஏ. ஊசியில துணையூக்கியே இல்லைங்கிறாங்களே?

தனியாக இல்லை, அவ்வளவுதான். ஆர்.என்.ஏ.வைச் சுமக்கும் கொழுப்பு நுண்துகளே அந்த வேலையைச் செய்கிறது. மாற்றம் செய்யாத ஆர்.என்.ஏ. அளவுக்கு மேல் கூச்சல் போட்டு, புரதம் தயாராகும் முன்பே செல்லை மூட வைத்துவிடும். அதன் ஓர் எழுத்தை மாற்றி அடக்கலாம் என்று காரிகோவும் வைஸ்மனும் 2005-இல் காட்டினார்கள். 2023-இல் நோபல் பரிசு.

கேள்வி: அடுத்த டோஸுக்கு ஏன் மாசக்கணக்குல காத்திருக்கணும்?

நிணநீர் முடிச்சுக்குள் முளை மையம் என்று ஓர் இடம் உண்டாகும். அங்கே ஆன்டிபாடி தயாரிக்கும் பி செல்கள் தங்கள் ஆன்டிபாடி மரபணுவை மாற்றி மாற்றி எழுதிப் பார்க்கும். நன்றாகப் பற்றுகிறவற்றை மட்டும் டி செல்கள் பிழைக்கவிடும். இதற்கு வாரங்கள், சில நேரம் மாதங்கள் ஆகும். அது முடிந்து நினைவு செல்கள் தயாரான பிறகு வரும் டோஸுக்குத்தான் மதிப்பு அதிகம். கல்லீரல் அழற்சி பி ஊசியின் 0, 1, 6 மாதக் கணக்கு இதனால்தான்.

கேள்வி: ஊசிக்கு முன்னாடியே பாராசிட்டமால் போட்டுக்கலாமா?

முன்கூட்டியே வேண்டாம். குழந்தைகளிடம் செய்த ஆய்வு ஒன்றில் சில ஊசிகளுக்கு ஆன்டிபாடி குறைந்தது. காய்ச்சல் வந்த பிறகு மருத்துவர் சொன்னால் கொடுக்கலாம். காய்ச்சலே வரவில்லை என்றால் ஊசி வேலை செய்யவில்லை என்று அர்த்தமும் இல்லை.

கேள்வி: நான் செவிலியர். குளிர்பெட்டியில அலுமினியம் உள்ள ஊசி மருந்து உறைஞ்சு போச்சு. இளகினப்புறம் பார்க்க நல்லாத்தான் இருக்கு. போடலாமா?

போடாதீர்கள் அம்மா. உறையும்போது அலுமினியத் துகள்கள் ஒன்றோடொன்று கட்டியாகி, ஒட்டியிருந்த புரதம் கெட்டுப்போகும். இளகினாலும் பழையபடி ஆகாது. சந்தேகம் இருந்தால், அதே தொகுதியில் ஒரு குப்பியை வேண்டுமென்றே உறையவைத்து இளக்கி, இரண்டையும் குலுக்கிப் பக்கத்தில் வையுங்கள். உங்கள் குப்பியும் அதே வேகத்தில் அடியில் படிந்தால் உறைந்தது உறுதி. நீங்களே உறைந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டீர்கள் என்றால் அந்தச் சோதனைகூட வேண்டாம், தனியே எடுத்து வைத்துவிட்டு மேலே தகவல் சொல்லிவிடுங்கள்.