ஏரியா போலீஸ்காரர் பேர் தெரியுமா?

போன இதழ்ல 'உங்க தெருவும் போலீசும்'னு தலைப்பு குடுத்து கேள்வி கேக்கச் சொன்னோம், நல்லாவே வந்திருக்கு. ஒரே மாதிரி கேட்டதையெல்லாம் ஒண்ணா சேர்த்துட்டேன்.

எங்க ஏரியாவுல மண்டபம் புடிச்சு மீட்டிங் போட்டு 'மக்கள்-போலீஸ் நல்லுறவுக் குழு' ஆரம்பிச்சிருக்காங்க, வாட்ஸப் குரூப்பும் இருக்கு. 'இதெல்லாம் அப்பவே திருச்சி பாத்தாச்சு'ன்னு எங்கப்பா சிரிக்கிறாரு. அப்படி என்னதான் நடந்துச்சு, இது உருப்படுமா?
– வாசகர், திருச்சி

அப்பா சொல்றது சரிதாங்க. 1999-ல ஜே.கே.திரிபாதி திருச்சி கமிஷனரா வந்தாரு, பின்னாடி தமிழ்நாடு டிஜிபியாவே ஆனாரே, அவருதான். அந்த நேரத்தை கொஞ்சம் நெனச்சுப் பாருங்க. 1997 நவம்பர்ல கோவைல ஒரு கான்ஸ்டபிள் கொலை, அதத் தொடர்ந்து கலவரம், துப்பாக்கிச்சூடு. டிசம்பர் 6-ம் தேதி ரயில்கள்ல குண்டு, அதுல ஒண்ணு திருச்சி பக்கம் பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல வெடிச்சுது. அடுத்து 1998 பிப்ரவரி 14 கோவை குண்டுவெடிப்பு. போலீசைப் பாத்தா ஜனங்க ஒதுங்கிப் போற காலம், சில தெருவுக்குள்ள போலீஸ் போனாலே எல்லாரும் உள்ள போயி கதவ சாத்திக்குவாங்க. இப்படி இருந்தா எந்த ஊர்லயும் தகவல் வராது, தகவல் வரலன்னா எத்தன ஜீப் வாங்கிக் குடுத்தாலும் வேஸ்ட்.

அவரு பண்ணது கேக்க ரொம்ப சாதாரணமா இருக்கும். ஊர பீட் பீட்டா, அதாவது சின்னச் சின்ன ரோந்துப் பகுதியா பிரிச்சு, ஒவ்வொரு பீட்டுக்கும் சில கான்ஸ்டபிள்கள போட்டு, 'இந்தத் தெருவுக்கு நீங்கதான் பொறுப்பு'ன்னு விட்டாரு. அதே ஆளுங்கதான் தினமும் அங்க போவாங்க, கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டு, பள்ளிவாசல், கோயில் கமிட்டின்னு எல்லாருக்கும் முகம் தெரிஞ்ச ஆளா ஆவாங்க. ஸ்டேஷன் படி ஏறப் பயப்படறவங்களுக்காக அங்கங்க புகார் பெட்டி வச்சாங்க, பேரு போடாம எழுதிப் போட்டாலும் எடுத்துப் பாப்பாங்க. குடிசைப் பகுதிகள போலீஸ் தத்தெடுத்துச்சு. இதுல எனக்கு முக்கியமா படறது பெட்டியோ தத்தெடுப்போ இல்ல, அதுவரைக்கும் பந்தோபஸ்துக்கு நிக்கவும் அதிகாரி வீட்டு வேலைக்கும்னு இருந்த ஒரு கான்ஸ்டபிள் கைல ஒரு ஏரியாவையே நம்பிக் குடுத்தாங்க பாருங்க, அதான். வெளிநாட்டு விருதுகூட வந்துச்சு இந்தத் திட்டத்துக்கு.

சரி, உங்க குழு உருப்படுமா? மீட்டிங்ல உங்க தெருவுக்குன்னு ஒரு போலீஸ்காரர நிக்க வச்சு 'இவருதான் இனிமே'ன்னு காட்டினாங்களா, அவரு நம்பர் குடுத்தாங்களா? குடுத்திருந்தா நம்பலாம். டீ, பிஸ்கட், குரூப் போட்டோ, அடுத்த மாசம் இன்ஸ்பெக்டர் டிரான்ஸ்ஃபர்னு போனா அப்பா கூட சேர்ந்து நீங்களும் சிரிக்க வேண்டியதுதான். இன்னொண்ணு, குழுல யார் யார் இருக்காங்கன்னு பாருங்க. கவுன்சிலர், வியாபாரி சங்கத் தலைவர், ரிட்டயர்டு ஆபீசர் மட்டும் இருந்தா அது ஏரியாவோட குழு இல்ல, ஏரியாவுல ஏற்கெனவே போலீஸ் கூட பழக்கம் இருக்கறவங்களோட குழு.

பீட் போலீஸ், ரோந்து வண்டி, ரெண்டுல எது நல்லது? ராத்திரி சைரன் அடிச்சிக்கிட்டு ஜீப் போனாதான் எங்களுக்கு தைரியமா இருக்கு.
– வாசகர், சேலம்

தைரியம் உங்களுக்கு வருது, திருடனுக்கு 'வண்டி போயிருச்சு, இனி வராது'ன்னு தகவல் வருது. விளையாட்டுக்கு சொல்லல, இத சோதிச்சே பாத்திருக்காங்க. அமெரிக்காவுல கன்சாஸ் சிட்டின்னு நம்ம சேலம் மாதிரி ஒரு நடுத்தர ஊரு, அங்க 1972-73-ல ஒரு வருஷம் 15 பீட்டை மூணா பிரிச்சு, ஒரு பகுதில வழக்கமான ரோந்து வண்டி, இன்னொண்ணுல ரெண்டு மூணு மடங்கு, மூணாவதுல ரோந்தே கிடையாது, கூப்பிட்டா மட்டும் வருவாங்கன்னு வச்சுப் பாத்தாங்க. குற்றத்துல சொல்லிக்கற மாதிரி வித்தியாசமே இல்ல, ஜனங்களுக்கும் வித்தியாசம் தெரியல. அப்புறம் அந்த 70-கள் கடைசில நியூவார்க்னு இன்னொரு அமெரிக்க ஊர்ல நடந்து போற போலீச வச்சுப் பாத்தாங்க. அங்கயும் குற்றம் பெருசா குறையல, ஆனா ஜனங்களோட பயம் குறைஞ்சுது, போலீஸ் மேல அபிப்ராயம் மாறுச்சு. அதனால நடந்து வந்தா திருட்டு நின்னுரும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. நடந்து வர்றவருகிட்ட நீங்க பேசுவீங்க, ஜீப்ப கை காட்டி நிறுத்திப் பேச மாட்டீங்க, வித்தியாசம் அங்கதான் ஆரம்பிக்குது. நம்ம ஊர்ல ரோந்து வர்ற போலீஸ் பட்டா புக்னு ஒரு நோட்டுல கையெழுத்து போட்டுட்டு போற பழக்கம் இருக்குல்ல, கையெழுத்து மட்டும் போட்டுட்டு யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசாம போனா அது வருகைப் பதிவு, பீட் இல்ல.

ராத்திரி பத்தரைக்கு என் பையன நிறுத்தி, யூனிஃபார்ம் இல்லாத ஒரு பையன் 'நான் போலீஸ் வாலண்டியர்'னு சொல்லி வண்டி சாவிய புடுங்கிட்டான். அதிகாரம் உண்டா?
– ஒரு அம்மா, மதுரை

இல்லம்மா. ஓட்டுறவங்ககிட்ட லைசென்ஸ் கேக்கற அதிகாரம் மோட்டார் வாகனச் சட்டம் 130-வது பிரிவுல சீருடைல இருக்கற போலீசுக்கு குடுத்திருக்கு, வாலண்டியருக்கு இல்ல. தனி ஆள் ஒருத்தர் இன்னொருத்தர புடிக்கலாம்னு பிஎன்எஸ்எஸ் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கு பதிலா வந்த புது சட்டம்) 40-வது பிரிவு சொல்லுது, ஆனா அது கண்ணு முன்னாடி, ஜாமீன் உரிமையா கிடைக்காத, வாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது பண்ணக்கூடிய பெரிய குற்றம் நடந்தா, இல்லன்னா கோர்ட்டு தேடப்படற குற்றவாளின்னு அறிவிச்ச ஆளா இருந்தா மட்டும்தான், அப்படிப் புடிச்சாலும் 6 மணி நேரத்துக்குள்ள போலீஸ்ல ஒப்படைக்கணும். உங்க பையன் ஹெல்மெட் போடாமலே வந்திருந்தாலும் அது இதுல சேராது.

நம்ம மாநிலத்துல இதுக்கு ஒரு பெரிய கதையே இருக்கு. 1993-ல ராமநாதபுரம் எஸ்பியா இருந்த பிரதீப் வி. பிலிப் ஆரம்பிச்சதுதான் ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்ங்கற வாலண்டியர் அமைப்பு, அப்புறம் மாநிலம் முழுக்க பரவுச்சு. தகவல் சொல்ல, ரோந்துக்கு கூட போக, திருவிழா கூட்டத்தப் பாத்துக்கன்னு நல்ல நோக்கம்தான். ஆனா பல எடத்துல ஸ்டேஷனுக்கு ஆள் பத்தாக்குறை, வேலை தேடற பசங்களுக்கு போலீஸ் பழக்கம் ஒரு கெத்து, ரெண்டும் சேர்ந்தா லத்தி யார் கைக்குப் போகும்னு சொல்லணுமா? 2020 ஜூன்ல சாத்தான்குளத்துல தந்தையும் மகனும் போலீஸ் சித்திரவதையில இறந்தப்ப இவங்க பேரும் சேர்ந்து அடிபட்டுச்சு, அமைப்பு தரப்புல மறுத்தாங்க, ஜூலைல அரசாங்கம் அமைப்புக்கே தடை போட்டுருச்சு. என்னைக் கேட்டா தடை போட்டது சரி. ஜனங்க போலீஸ் கூட சேர்ந்து வேலை பண்றது வேற, ஜனங்கள்ல சில பேரு போலீஸ் வேலையப் பண்றது வேற. உங்க பையன அந்த ராத்திரி டியூட்டில யார் இருந்தாங்கன்னு கேட்டு, எழுத்துல புகார் குடுக்கச் சொல்லுங்க.

குடியிருப்போர் சங்கத்துல கேமரா வைக்க வீட்டுக்கு இவ்ளோன்னு வசூல் பண்றாங்க. குடுக்கலாமா?
– வாசகர், ஈரோடு

குடுங்க, ஆனா பதிவு யார் வீட்டுல இருக்கும், எத்தன நாள் இருக்கும், யார் கேட்டா குடுப்பீங்கன்னு மூணையும் நோட்டுல எழுதி வாங்கிட்டு குடுங்க. சங்கச் செயலாளர் அடுத்த வீட்டுக்கு யார் யார் வந்து போறாங்கன்னு பாக்கறதுக்கு நீங்க எதுக்கு காசு குடுக்கணும்?

எங்க தெருல வெளிமாநிலப் பசங்க சில பேரு வாடகைக்கு வந்திருக்காங்க. ஏரியா குரூப்ல ஒருத்தர் அவங்க போட்டோவ எடுத்து 'சந்தேகம்'னு போட்டுட்டாரு, குரூப்ல போலீசும் இருக்காரு. நான் எடுக்கச் சொன்னதுக்கு என்னத் திட்றாங்க.
– வாசகி, திருப்பூர்

நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி, விடாதீங்க. 2018 மே மாசம் ஞாபகம் இருக்கா, புள்ள புடிக்கறவங்க வந்திருக்காங்கன்னு வாட்ஸப்ல சுத்தி, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் குலதெய்வம் கோயிலுக்குப் போன ஒரு வயசான அம்மாவ அடிச்சே கொன்னாங்க. அந்தம்மா பண்ணது குழந்தைக்கு சாக்லேட் குடுத்தது. ஒரு ஆள் என்ன பண்ணாருன்னு எழுத ஒண்ணுமே இல்லாம, அவரு எங்கேர்ந்து வந்தாரு, என்ன பாஷை பேசறாருன்னு மட்டும் எழுதினா அது தகவலே இல்ல. குரூப்ல இருக்கற போலீஸ்காரருக்கு தனியா போன் பண்ணுங்க, 'சார், அத நீங்களே எடுக்கச் சொல்லுங்க'ன்னு கேளுங்க, அவரு வாயால வந்தாதான் அடங்குவாங்க. வீட்டுக்காரர் கிட்ட வாடகைதாரர் விவரத்த ஸ்டேஷன்ல குடுத்தாச்சான்னும் கேட்டுக்கங்க. முடிஞ்சா அந்தப் பசங்களையும் அடுத்த மீட்டிங்குக்கு கூட்டிட்டுப் போங்க, அவங்க ரூம்ல திருட்டு போனா அவங்க யார்கிட்ட சொல்லுவாங்க?

பக்கத்துல கேரளாவுல மட்டும் எப்படி வீட்டுக்கே போலீஸ் வந்து பேசறாங்க?
– வாசகர், நாகர்கோவில்

ஜனமைத்ரின்னு ஒரு போலீஸ் திட்டத்த 2008-ல 20 ஸ்டேஷன்ல ஆரம்பிச்சாங்க. சுமார் 500 வீட்டுக்கு ஒரு பீட், அதுக்குன்னு பீட் ஆபீசர், வீடு வீடா போறது அவரோட டியூட்டியே. திருச்சில ஒரு அதிகாரி பண்ணத அங்க அரசாங்கத் திட்டமா எழுதி வச்சுட்டாங்க, அதனால ஆள் மாறினாலும் ஓடுது. அங்கயும் ஆள் பத்தல, வீட்டு விவரம் எல்லாம் எதுக்குன்னு முணுமுணுப்பு இருக்கு, அதுல நியாயமும் இருக்கு.

'காவல்துறை உங்கள் நண்பன்'னு போர்டு இருக்கு. மனு குடுத்தா மட்டும் ரசீது வரல. என்ன பண்ண?
– வாசகர், தஞ்சாவூர்

சிஎஸ்ஆர் ரசீது கேளுங்க, மனுவ ஸ்டேஷன் பதிவேட்டுல ஏத்திட்டு தர்ற, நம்பர் போட்ட ரசீது அது. வாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது பண்ணக்கூடிய குற்றம்னா சிஎஸ்ஆரோட நிறுத்தாம எஃப்ஐஆரே போடணும், காப்பி இலவசமா தரணும். முடியாதுன்னா பிஎன்எஸ்எஸ் 173(4)-ன்படி அதே புகார தபால்ல எஸ்பிக்கு அனுப்புங்க, மாநகரம்னா கமிஷனர் ஆபீசுக்கு. பதிவுத் தபால்ல அனுப்பி ரசீத பத்திரமா வைங்க. அதுக்கும் அசையலன்னா மாஜிஸ்திரேட் கோர்ட்டுல மனு போடலாம், அப்ப அந்த தபால் ரசீது கேப்பாங்க.